கேட்டுவிட்டு ஊசி போடுங்கள்

புதுக்கோட்டைக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண், பையன்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த மன்னர் கல்லூரியில் இடம் பிடித்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராக வெளியே வந்தார். முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறை ஒழிப்பு, சட்டசபை, அவ்வை இல்லம் என்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற பட்டியல் பெரியது. அந்தப் பட்டியலுக்குள் ஒரு சொந்த துக்கமும் இருக்கிறது. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற முடியாத டாக்டர். அதைவிடப் பெரிய தண்டனை ஒரு டாக்டருக்குக் கிடையாது.

அன்றைக்கு சென்னை மாகாணத்தில் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி கிடையாது. 1934இல் சென்னை பெரியாஸ்பத்திரிக்குள் பர்னார்ட் கதிரியல் நிலையம் வந்தது. ஆனால் அது ஒரு ஆஸ்பத்திரிக்குள் ஒரு பிரிவு. அம்மையார் கேட்டது முழு ஆஸ்பத்திரி. கேட்ட இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே பதில். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1952இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறில் ஒரு கொட்டகையில் 12 படுக்கைகளுடன் கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறந்தது. டாக்டர், அம்மையாரின் மகன் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருடம் சாந்தா என்று ஒரு இளம் பெண் டாக்டர், கையில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் கண்ணை மூடுகிறவரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

கொட்டகை ஆஸ்பத்திரிதான். ஆனால் 1950கள் முடிவதற்குள் அங்கே ஒரு கோபால்ட் எந்திரம் வந்து நின்றது. கனடாவிலிருந்து வந்தது. கோபால்ட் கதிரால் உலகத்தின் முதல் நோயாளிகளுக்கு கனடாவில் சிகிச்சை ஆரம்பித்ததே 1951இல்தான். பத்து வருடத்துக்குள் அந்தத் தொழில்நுட்பம் அடையாறு ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில்.

எந்திரம் வந்தாயிற்று. நோயாளிகளும் வந்தார்கள். பெரும்பாலும் முற்றிய பிறகு வந்தார்கள்.

*

யார் அவர்கள்? ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

செட்டிநாட்டில் வலையபட்டி. அங்கே ஒரு பெரியவர். காலையில் எழுந்தால் வெற்றிலை, சாப்பிட்டால் வெற்றிலை, யாராவது வந்தால் வெற்றிலை. கூடவே புகையிலை. நாலு பேர் சேர்கிற இடத்தில் வெற்றிலைத் தட்டு இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற பக்கம் அது. புகையிலையை மென்று, கொடுப்பில் அடக்கி வைத்துக்கொள்வார். இப்படி முப்பது, நாற்பது வருடம். ஒருநாள் அந்த இடத்தில் ஒரு புண். ஆறவில்லை. நாட்டு மருந்து, களிம்பு, கோயிலுக்கு வேண்டுதல். நாலு மாசம் ஓடிவிட்டது. வாயைத் திறக்க முடியாமல் போன பிறகு, வீட்டில் இருக்கிறவர்கள் காரைக்குடிக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கிருந்து ராத்திரி ரயில். 400 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். எழும்பூர். அப்புறம் அடையாறு.

நம் ஊரின் வாய்ப் புற்றுநோய்க் கதை இதுதான். மேற்கத்திய நாடுகளில் நாக்கிலும் தொண்டையிலும் அதிகம் வருகிறது. நமக்கு, புகையிலை உட்கார்ந்த இடமான கன்னத்தின் உட்புறத்தில்.

அடையாறில் பெரியவருக்கு 'கரண்ட்' வைக்கிறார்கள். கதிர்வீச்சுக்கு நோயாளிகள் வைத்த பெயர் அது. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோபால்ட்டிலிருந்து வரும் காமா கதிர், செல்லுக்குள் இருக்கும் மரபணுவை உடைக்கிறது. உடைந்த செல் அடுத்த முறை இரண்டாகப் பிரியும்போது செத்துப்போகிறது. நல்ல செல்லும் அடிவாங்கும். ஆனால் அதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறமை அதிகம். அதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் என்று தவணையில் கொடுக்கிறார்கள். நல்ல செல்லுக்கு மூச்சு விட அவகாசம்.

சின்னப் புண்ணாக இருந்தால் கதிர் ஜெயிக்கும். பெரிய கட்டி என்றால் ஒரு சிக்கல். கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் போதாது, ஆக்சிஜன் போதாது. ஆக்சிஜன் குறைந்த செல்லைக் கதிர் கொல்வது கஷ்டம். வெளியே இருப்பது கரையும், உள்ளே இருப்பது தப்பிக்கும். சில மாசத்தில் மறுபடியும் கட்டி. முற்றிய நிலையில் வந்த நம் வலையபட்டிப் பெரியவர் மாதிரி ஆட்கள் விஷயத்தில் அடிக்கடி நடந்தது அதுதான்.

அடையாறு டாக்டர்களுக்கு ஒரு கேள்வி வந்தது. கதிரோடு ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

*

கேள்வி சுலபம். பதில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

மருந்தைக் கொடுக்க வேண்டியது, குணமானால் சந்தோஷப்பட வேண்டியது. அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை. பத்துப் பேருக்கு மருந்து கொடுத்து ஆறு பேர் பிழைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து இல்லாவிட்டால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அது தெரியாதவரை இந்த ஆறுக்கு அர்த்தமே இல்லை. வரவு மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேடு மாதிரி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பர்மாவரை போய் வட்டிக்கடை வைத்தவர்கள். இரண்டு பக்கமும் பார்த்து ஐந்தொகை போடாமல் லாபம் என்று ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

ஆக, இரண்டு கூட்டம் வேண்டும். ஒன்றுக்குக் கதிர் மட்டும். இன்னொன்றுக்குக் கதிரும் மருந்தும். சரி, யாரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? டாக்டரே முடிவு செய்தால், அவரை அறியாமலே கொஞ்சம் திடகாத்திரமாக இருக்கிறவர்களை மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார். தெம்பான ஆள்தானே மருந்தைத் தாங்குவான்? அப்புறம் மருந்து ஜெயித்ததா, தெம்பு ஜெயித்ததா என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு நம் கோயில்களில் ரொம்ப நாளாகவே ஒரு வழி இருக்கிறது. திருவுளச்சீட்டு. மனிதன் கை படாமல் சீட்டு முடிவு செய்யட்டும். மருத்துவ உலகம் இந்த இடத்துக்கு வந்து சேர ரொம்ப காலம் ஆனது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் செய்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடி எழுந்து உட்கார்ந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் சீட்டு இல்லை. 1948இல் முடிவு வெளியான பிரிட்டனின் காசநோய் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில்தான், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல்காரர், முத்திரை வைத்த உறைக்குள் சீட்டைப் போட்டு யாருக்கு மருந்து என்று தீர்மானிக்கும் முறையை ஒழுங்காகக் கொண்டுவந்தார். அதில் ஒரு நியாயமும் இருந்தது. யுத்தம் முடிந்த சமயம். எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு பிரிட்டனிடம் மருந்து கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று எப்படியும் ஒரு சீட்டுக் குலுக்கித்தான் ஆகவேண்டும்.

அந்த முறை எட்டே வருடத்தில் சென்னைக்கு வந்துவிட்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானட்டோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மாத்திரை. மீதிப் பேர் தங்கள் குடிசையிலேயே மாத்திரை. 1959இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. காசநோய் என்றால் ஆளை ஒதுக்கி மலைமேல் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலகம் முழுக்க மாற்றியது அந்தச் சென்னைச் சீட்டுதான்.

அடையாறுக்கும் சேத்துப்பட்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? பஸ் பிடித்தால் போய்விடலாம்.

*

1970கள். அடையாறு டாக்டர்கள் சோதித்த மருந்து, ப்ளியோமைசின். ஜப்பானில் ஹமாவோ உமெசாவா என்ற விஞ்ஞானி 1960களில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது. மற்ற பல கேன்சர் மருந்துகள் மாதிரி அது எலும்பு மஜ்ஜையை அதிகம் கெடுக்காது. ஆனால் அளவு மிஞ்சினால் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஆளைப் பார்த்து, அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கன்னத்தில் முற்றிய கட்டியோடு வந்தவர்களைப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கதிர் மட்டும். இன்னொரு பக்கம் கதிரும் ப்ளியோமைசினும். சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் முடிவுகளை 1977இலும் 1980இலும் பிரிட்டனின் கதிரியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். மருந்து சேர்ந்த பக்கத்தில் கட்டி முழுசாகக் கரைந்தவர்கள் பல மடங்கு அதிகம். வருடக்கணக்கில் நோய் திரும்பாமல் இருந்தவர்களும் அதிகம்.

இந்த 'வருடக்கணக்கில்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போன பெரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்? செல்போன் இல்லாத காலம். கடிதம் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் ஆளை அனுப்பி விசாரிக்க வேண்டும். வட்டிக்கடைக்காரர் கடன் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியுமா? வசூல்தானே தொழில். புற்றுநோய் வைத்தியத்தில் வசூல் என்பது ஐந்து வருடம் கழித்து 'சௌக்கியமாக இருக்கிறேன்' என்று வரும் ஒரு வரி. அந்த வரி வராமல் எந்த மருந்தையும் ஜெயித்த மருந்து என்று சொல்ல முடியாது. நோயாளியை ஊர்வரை தேடிப்போய்க் கணக்கு எழுதும் பழக்கத்தை அடையாறு ஆரம்பத்திலிருந்தே விடாமல் வைத்திருந்தது. 1982இல் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை அந்த ஆஸ்பத்திரியே ஆரம்பித்தது சும்மா இல்லை.

அத்தோடு கதை சுபம் என்று போட்டுவிடலாமா? முடியாது. ஐரோப்பாவில் இதே ப்ளியோமைசினைக் கதிரோடு கொடுத்துப் பார்த்த சில சோதனைகளில் லாபம் எதுவும் தெரியவில்லை. அங்கே கட்டி இருந்த இடம் வேறு, மருந்து கொடுத்த விதம் வேறு. ஒரு ஊர்க் கணக்கை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு இது பாடம். உலகத்தின் பல மூலைகளில் பல மருந்துகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஒரு பெரிய கூட்டுக்கணக்கு வந்தது. 63 சோதனைகள். 10,741 நோயாளிகள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரும் மருந்தும் ஒரே சமயத்தில் கொடுத்தால், ஐந்து வருடம் கழித்து 100 பேரில் கூடுதலாக 8 பேர் உயிரோடு இருப்பார்கள் என்றது அது.

8 பேர்தானா என்று கேட்காதீர்கள். அந்த எட்டில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருக்கலாம்.

இன்றைக்கு மதுரையிலோ, திருச்சியிலோ, சென்னையிலோ கதிர்வீச்சு எடுக்கப் போகிறவருக்கு நடுநடுவே சிஸ்ப்ளாட்டின் ஊசியும் போடுகிறார்களே, அந்த வழக்கம் இப்படித்தான் வந்தது. எந்த விஞ்ஞானியும் ராத்திரி கனவு கண்டு காலையில் எழுதிக்கொடுத்தது இல்லை. சீட்டு எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பல ஆயிரம் நோயாளிகள் கொடுத்தது.

*

இனி சங்கடமான கேள்வி. அந்த நோயாளிகளிடம் கேட்டார்களா?

இரண்டாம் உலக யுத்தத்தில் நாஜி டாக்டர்கள் சிறைக்கைதிகள்மேல் செய்த கொடூரங்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், 1947இல் முதல் விதியாக எழுதியது இதைத்தான். சம்பந்தப்பட்டவரின் மனமுவந்த சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது. 1964இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவர் சங்கம் அதை டாக்டர்களின் பொது விதியாக்கியது. அப்படியும் அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில், சிஃபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1972 வரை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். நாற்பது வருடம்!

இந்தியாவில்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று முதல் கொள்கை அறிக்கை வெளியிட்டதே 1980இல்தான். அதற்கு முன்னால் எல்லாம் நம்பிக்கையில் ஓடியது. "நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிங்க டாக்டரம்மா. நீங்கதான் சாமி" என்று சொல்லிவிட்டு நம் பெரியவர் படுத்துக்கொள்வார். டாக்டரம்மா நல்லவராக இருந்தால் பிரச்னை இல்லை. ஆனால் டாக்டரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி ஒரு ஏற்பாடு இருக்கலாமா? நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால்?

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். திருவனந்தபுரம்.

அங்கே உள்ள மண்டல புற்றுநோய் மையம், கேரளத்து ஏழைகளுக்கும் கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்து ஜனங்களுக்கும் பெரிய ஆதரவு. 1999 நவம்பரிலிருந்து 2000 ஏப்ரல் வரை அங்கே வாய்ப் புற்றுநோயாளிகள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களின் கட்டிக்குள் ஒரு புது மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் வளரும் ஒரு புதர்ச் செடியில் இருக்கும் ரசாயனத்திலிருந்து உருவாக்கியது. பெயர் எம்4என். உருவாக்கியவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியை ரூ சி ஹுவாங்.

அந்த மையத்திலேயே கதிர்வீச்சு உயிரியல் பிரிவில் இருந்த டாக்டர் வி.என். பட்டதிரி இதைக் கேள்வி கேட்டார். வழக்கமான சிகிச்சைக்கு வழி இருக்கிற நோயாளிகளை ஏன் இதற்காகக் காக்க வைத்தீர்கள் என்பது எழுந்த குற்றச்சாட்டு. 2001இல் விஷயம் பத்திரிகைகளுக்கு வந்து நாடே பேசியது. கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்றது மருத்துவமனை. எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாது என்றார்கள், போட்டவர்களில் சிலர். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி முன்கூட்டி வாங்கப்படவில்லை என்பதும் தெரிந்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தனியாக விசாரித்தது. 2001 நவம்பரில் அறிக்கை. மனிதர்கள்மேல் செய்யும் ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகக் குழுவிடம் வாங்கவேண்டிய ஒப்புதலை வாங்கவில்லை. மிருகங்களிடம் செய்த பாதுகாப்புச் சோதனை போதாது. நோயாளிகளுக்குச் சொன்ன விவரமும் போதாது. இனி மனிதர்கள்மேல் நடக்கும் எந்த ஆராய்ச்சிக்கும் அந்தப் பேராசிரியை தலைமை தாங்கக் கூடாது என்று தடை போட்டது பல்கலைக்கழகம்.

அடையாறிலும் வாய்ப் புற்றுநோய். திருவனந்தபுரத்திலும் வாய்ப் புற்றுநோய். இரண்டு இடத்திலும் ஏழைகள். ஒன்றில் கிடைத்த பதில் பல பேருக்கு உபயோகமானது. இன்னொன்றில் கிடைத்தது கெட்ட பெயர். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று கடைசிவரை பேசவே நேரமில்லாமல் போனது. கேட்காமல் செய்தால் அப்படித்தான். நல்ல கேள்வியும் சேர்ந்து செத்துப்போகும்.

*

அதற்கப்புறம் சட்டம் மெதுவாக நடந்து வந்தது. 2007இல், நாட்டில் நடக்கிற மருத்துவ சோதனைகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு வந்தது. 2009இலிருந்து அதில் பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்கும் விதி வந்தது. 2019இல் புது மருந்துகள் மற்றும் சோதனைகளுக்கான விதிகள். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், நஷ்டஈடு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்கவேண்டும். நெறிமுறைக் குழுவில் டாக்டர்கள் மட்டும் போதாது, சட்டம் தெரிந்தவரும் ஒரு சாதாரணப் பொதுஜனமும் வேண்டும்.

இதெல்லாம் வந்ததும் இன்னொரு மூலையில் பயம் கிளம்பியது. 'ட்ரையல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நோயாளிகள் ஓட ஆரம்பித்தார்கள். "எங்கப்பாவை எலி ஆக்கப் பாக்குறீங்களா?" என்று மகன் கேட்கிறார். கேட்பது நியாயம். ஆனால் யாரும் சோதனையில் சேரவே மாட்டோம் என்று முடிவெடுத்தால் யாருக்கு நஷ்டம் என்றும் பார்க்கவேண்டும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். கதிரோடு சிஸ்ப்ளாட்டின் சேர்த்தால் நல்லது என்று 1999இல் அமெரிக்கா அறிவித்தது. நம் பெண்கள் வருவதோ முற்றிய நிலையில், ரத்த சோகையோடு, எடை குறைந்து. அவர்கள் உடம்பு அதைத் தாங்குமா? அமெரிக்கக் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2003இலிருந்து 850 பெண்களைச் சேர்த்தது. சீட்டு. பாதிப் பேருக்குக் கதிர் மட்டும், பாதிப் பேருக்குச் சிஸ்ப்ளாட்டினும். 2018இல் பதில். ஐந்து வருட முடிவில் கதிர் மட்டும் பெற்றவர்களில் 100க்கு 46 பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்தும் பெற்றவர்களில் 54 பேர். இங்கேயும் அதே 8.

அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு சோதனை. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன் செய்வது புது வழி. கதிரும் மருந்தும் கொடுப்பது பழைய வழி. 633 பெண்கள். பலரும் புதுசுதான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஜெயித்தது பழசு. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் புது வழியில் 100க்கு 69, பழைய வழியில் 77. புது மருந்து கிடைக்காத பக்கம் சீட்டு விழுந்தால் துரதிர்ஷ்டம் என்று நினைக்கிறோம் இல்லையா? அது எப்போதும் உண்மை இல்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கே வருவோம். சிறுநீரகம் பலவீனம், காது மந்தம் என்று சிஸ்ப்ளாட்டின் ஒத்துக்கொள்ளாத நோயாளிகள் நிறைய. வெளிநாட்டில் அவர்களுக்குக் கொடுப்பது, நம் ஊர்க் குடும்பம் ஒன்று நிலத்தை விற்றால்தான் வாங்க முடிகிற ஊசி. டாடா டாக்டர்கள், காப்புரிமை முடிந்த பழைய மருந்தான டோசிடாக்சலைக் கதிரோடு சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 356 நோயாளிகள். 2023இல் முடிவு அச்சானது. இரண்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள், கதிர் மட்டும் என்றால் 100க்கு 42 பேர். டோசிடாக்சலும் சேர்ந்தால் 51 பேர்.

பி.காம். படித்தவனுக்கு இங்கே ஒரு விஷயம் கண்ணில் படும். விலை மலிந்துபோன பழைய மருந்தைச் சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? போடாது. லாபம் இல்லை. கம்பெனி கேட்கும் கேள்வி, தன் புது மருந்து விற்குமா என்பது. அதில் தப்பில்லை, அது வியாபாரம். ஆனால் வலையபட்டிப் பெரியவருக்குக் கட்டுப்படியாகிற வைத்தியம் எது என்ற கேள்வியை அரசாங்கமும் தர்ம ஆஸ்பத்திரிகளும்தான் கேட்கமுடியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவரும் அந்தப் பெரியவர் மட்டும்தான். அவர் சேரவில்லை என்றால், பணக்கார நாட்டுக்காரர்களின் உடம்பில் கிடைத்த பதிலைத்தான் நாம் காலமெல்லாம் கடன் வாங்க வேண்டும். பணக்கார விலையில்.

*

அப்படியானால் கையெழுத்துப் போடலாமா, கூடாதா?

கேட்டுவிட்டுப் போடலாம். கேட்க வேண்டியது அதிகமில்லை. இந்தச் சோதனையில் சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? சேர்ந்தால் அதைவிட எது கூட, எது குறைய? யாருக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்கிறார்கள், சீட்டா, நீங்களா? பொதுப் பதிவேட்டில் இது பதிவாகியிருக்கிறதா, நம்பர் என்ன? பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் விலகலாமா, விலகிய பிறகும் வழக்கமான வைத்தியம் உண்டா? ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது?

ஒழுங்கான இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் டாக்டர் கோபப்பட மாட்டார். உட்கார வைத்து, நமக்குப் புரிகிற தமிழில் பதில் சொல்வார். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், படித்த பிள்ளையிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்பார். விலகும் உரிமை, விலகினாலும் சிகிச்சை பெறும் உரிமை இரண்டும் அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால், கேட்டதும் முகம் சுளித்தால், அங்கே பேனாவை மூடிவிடலாம்.

இன்னொன்றையும் நோயாளியிடம் மறைக்கக் கூடாது. சோதனையில் சேர்வதால் அவருக்கே லாபம் வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உத்தரவாதம் தெரிந்தால் சோதனையே தேவையில்லையே. வரலாம், வராமலும் போகலாம். அடுத்த பத்து வருடத்தில் அதே கொட்டகைக்கு வரப்போகிறவருக்கு நிச்சயம் ஒரு பதில் கிடைக்கும். முகம் தெரியாத ஒருவருக்காக இப்படிச் செய்வதற்கு நம் ஊரில் தர்மம் என்று பெயர். ஆனால் தர்மம் என்பது கொடுக்கிறவர் தெரிந்து கொடுப்பது. தூங்குகிறவன் பையிலிருந்து எடுத்து உண்டியலில் போட்டுவிட்டு அவன் பேரில் ரசீது எழுதினால், அதற்கு வேறு பெயர்.

முத்துலட்சுமி ரெட்டிக்கு அன்றைக்குக் கிடைத்த பதில், சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பது. அந்தப் பதில் தப்பு என்று நிரூபித்ததில் டாக்டர்களுக்குப் பங்கு உண்டு, கனடா எந்திரத்துக்கும் ஜப்பான் மருந்துக்கும் பங்கு உண்டு. பெரிய பங்கு, ரயிலேறி வந்து படுத்த நோயாளிகளுடையது. எந்தக் கல்வெட்டிலும் பேர் கிடையாது. கணக்கில் மட்டும் இருக்கிறார்கள், 100க்கு 8 என்று.

அவர்கள் வீட்டிலிருந்து அடுத்த ஆள் வரும்போது, ஒரு நாற்காலி போட்டு, விஷயத்தைச் சொல்லிக் கேட்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.